பழைய சீரியல் சோதனைக் கருவி வாங்குவது: பிரேக்அவுட் பாக்ஸா, புரோட்டோகால் அனலைசரா?

கேள்வி
எழுதியவர்: மில்லிங்_கோவை

அனைவருக்கும் வணக்கம். கோவையில் மோல்டு செய்யும் பட்டறை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் 1990-களில் வாங்கிய, கணினிக் கட்டளைப்படி வெட்டும் நான்கு சிஎன்சி இயந்திரங்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. நான்கிலும் 25 பின் ஆர்எஸ்-232 போர்ட்தான் (தரவைப் பிட் பிட்டாக அனுப்பும் பழைய சீரியல் இணைப்பு) இருக்கிறது. இயந்திரத்தை இயக்கும் கண்ட்ரோலின் நினைவகம் சிறியது என்பதால், மோல்டு வேலைக்கான நீண்ட புரோகிராம்களைக் கணினியிலிருந்து டிரிப் ஃபீட் முறையில் சிறிது சிறிதாக அனுப்பி ஓட்டுகிறோம். 4800 பாட் (நொடிக்கு 4800 பிட்), 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி (ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கிப் பிழை காட்டும் பிட்), 2 ஸ்டாப் பிட் என்பதே நான்குக்கும் உள்ள அமைப்பு.

மூன்று இயந்திரங்களில் எந்தத் தொல்லையும் இல்லை. நான்காவது இயந்திரம் மட்டும் சில நாள்களில் ஒரு மணி நேரம் ஓடிய பின்னும், சில நாள்களில் பத்தே நிமிடத்திலும் 87-ஆம் எண் அலாரம் காட்டி நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் கட்டர் தேய்த்த தடம் விழுந்துவிடுவதால், பாதி முடிந்த ஜாப் வீணாகிறது. கேபிளை இருமுறை மாற்றிவிட்டேன். ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் அலைவடிவம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து போனது என்பதை அதில் படிக்க முடியவில்லை.

இந்த நிலையில் இரண்டு பழைய கருவிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, அமெரிக்காவிலிருந்து ஒருவர் இணையத்தில் விற்கும் ஹெச்பி 4951சி புரோட்டோகால் அனலைசர், அதாவது தடத்தில் ஓடும் எழுத்துகளைப் படித்துக் காட்டும் கருவி. "ஸ்விட்சைப் போட்டால் திரை வருகிறது" என்பதைத் தவிர அவர் வேறு எதையும் எழுதவில்லை. இன்னொன்று, உக்கடத்தில் பழைய பொருள் கடை ஒன்றில் கிடக்கும் 25 பின் பிரேக்அவுட் பாக்ஸ், அதாவது ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே பார்க்கவும் வெட்டவும் உதவும் பெட்டி. சிறு சுவிட்சுகளும் இருநிற விளக்குகளும் கொண்டது, அலுமினியப் பெட்டி, விலையும் மலிவு. இவற்றில் எதை வாங்கினால் என் சிக்கலுக்கு விடை கிடைக்கும்? வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்? பழைய கருவிகளைக் கையாண்டவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
எழுதியவர்: கேபிள்மேசை

வணக்கம் நண்பரே. தயக்கமின்றிப் பிரேக்அவுட் பாக்ஸை வாங்கிவிடுங்கள். உங்கள் அலாரத்துக்கு அது விடை சொல்லாமலும் போகலாம். ஆனால் 25 பின் உலகில் வேலை செய்கிறவரின் கையில் முதலில் இருக்க வேண்டியது அதுதான். இரு முனைகளுக்கும் நடுவே அதைச் செருகினால், 2-ஆம் பின்னிலும் 3-ஆம் பின்னிலும் யார் பேசுகிறார், 4, 5, 6, 8, 20 ஆகிய கைகுலுக்கல் (தயார்நிலையைச் சைகை காட்டும்) கம்பிகளில் எது உயர்ந்திருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கம்பிக்கு ஒரு சுவிட்ச் இருப்பதால், சந்தேகப்படும் கம்பியை மட்டும் வெட்டிப் பார்க்கலாம், குறுக்குக் கம்பி கொடுத்து 4-ஐயும் 5-ஐயும் இணைத்தும் பார்க்கலாம். சால்டரிங் அயர்னைத் தொடாமலே ஒரு கேபிளின் தலையெழுத்தை மாற்றிப் பார்ப்பது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதைக் கையாண்டவர்களே அறிவார்கள்.

கடையில் வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, உள்ளே பேட்டரிக்கு இடம் இருக்கிறதா என்பது. பேட்டரி இல்லாத பெட்டிகளில் விளக்குகள் அந்தந்தக் கம்பியிலிருந்தே மின்னோட்டத்தை உறிஞ்சி எரிகின்றன. வலுவான டிரைவர் உள்ள பழைய கருவிகளில் அதனால் பாதகம் இல்லை. இக்காலத்துச் சிறு அடாப்டர்கள் ஐந்தாறு வோல்ட்டில் ஒப்பேற்றிக்கொண்டிருப்பவை. அங்கே விளக்கை ஏற்றியதாலேயே மின்னழுத்தம் சரிந்து, இல்லாத பழுது இருப்பதுபோலத் தோன்றிவிடும். பேட்டரியும் டிரான்சிஸ்டரும் கொண்ட பெட்டியானால் கம்பிக்குச் சுமை மிகக் குறைவு. இரண்டாவது, சுவிட்சுகள். ஒவ்வொன்றையும் இருபது முறை மேலும் கீழும் தள்ளிவிட்டு மல்டிமீட்டரால் தொடர்ச்சி பாருங்கள். பல ஆண்டுகள் ஈரக்காற்றில் கிடந்த சுவிட்ச் மூடியிருப்பதுபோலக் காட்டிக்கொண்டு உள்ளே திறந்திருக்கும்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சில சிஎன்சி கண்ட்ரோல்கள் 25-ஆம் பின்னில் 24 வோல்ட் கொடுக்கின்றன. அந்நாளில் காகித நாடா வாசிப்பானுக்காக விடப்பட்ட மின்சாரம் அது. உங்கள் கேபிளில் அந்தப் பின் இணைக்கப்படாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிரேக்அவுட் பாக்ஸ் 25 கம்பிகளையும் நேராகக் கடத்தும். எனவே, செருகுமுன் 25-ஆம் சுவிட்சைத் திறந்து வையுங்கள். நான் அதை ஒரு சிறு துண்டு டேப் ஒட்டித் திறந்த நிலையிலேயே நிறுத்திவிட்டேன்.

எழுத்துகளைப் படிக்க வேண்டுமென்றால் அனலைசர் தேவையே இல்லை. இரண்டு யூஎஸ்பி சீரியல் அடாப்டர்களை எடுத்து, ஒன்றின் வாங்கும் கம்பியை 2-ஆம் பின்னிலும் மற்றொன்றின் வாங்கும் கம்பியை 3-ஆம் பின்னிலும் ஒட்டுக்கேட்குமாறு கட்டினால், இரு பக்கப் பேச்சையும் ஒரே கணினியில் பதிவு செய்துவிடலாம்.

மறுமொழி 2
எழுதியவர்: குத்தகைத்தடம்

ஐயா, முந்தைய மறுமொழியில் பிரேக்அவுட் பாக்ஸ் பற்றிச் சொல்லப்பட்டவை அனைத்தும் சரியானவை. ஆனால் உங்கள் சிக்கலுக்கு அது உதவாது என்பதையும், இரண்டு யூஎஸ்பி அடாப்டர் வழி இங்கே தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதையும் விளக்க விரும்புகிறேன். வங்கி ஒன்றின் குத்தகைத் தடங்களை (தனிப் பயனுக்கு வாடகைக்கு எடுத்த தொடர்புத் தடங்களை) பல ஆண்டுகள் பராமரித்தவன் என்ற முறையில் இவ்வகைப் பழுதுகளோடு எனக்கு நீண்ட பழக்கம் உண்டு.

நீங்கள் சொல்லும் அமைப்பும் அலாரம் எண்ணும் பரவலான ஒரு ஜப்பானியக் கண்ட்ரோலுக்கு உரியவை என்று கொள்கிறேன். அதில் 85 என்றால் பாரிட்டி, ஃபிரேமிங் போன்ற பிழை, 86 என்றால் எதிர்முனை தயார் என்னும் சைகை இல்லை, 87 என்றால் பஃபர் (வரும் எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) நிரம்பி வழிந்துவிட்டது. அதாவது, கண்ட்ரோல் "நிறுத்து" என்று சொன்ன பிறகும் பத்து எழுத்துகளுக்கு மேல் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த "நிறுத்து" என்பது தனிக் கம்பியில் வருவதில்லை. டிசி3 என்னும் எழுத்தாகத் தரவுக் கம்பியிலேயே வருகிறது. "மீண்டும் அனுப்பு" என்பது டிசி1. கைகுலுக்கல் கம்பிகள் எல்லாம் அசையாமல் நிற்கும்போதே இந்தப் பேச்சு நடப்பதால், பிரேக்அவுட் பாக்ஸின் விளக்குகள் உங்களுக்கு எதையும் காட்டமாட்டா. ஒரு விளக்கு மின்னி மறையும், அவ்வளவே.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஸ்டார்ட் பிட், ஏழு டேட்டா பிட், ஒரு பாரிட்டி, இரண்டு ஸ்டாப் பிட் என ஓர் எழுத்துக்கு 11 பிட். 4800-ஐ 11-ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 436 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 2.3 மில்லிநொடி. பத்து எழுத்துகள் என்பது 23 மில்லிநொடி. டிசி3 வந்ததிலிருந்து அந்த 23 மில்லிநொடிக்குள் உங்கள் கணினி வாயை மூடியாக வேண்டும். யூஎஸ்பி சீரியல் அடாப்டர்கள் சிலவற்றில், வந்த எழுத்தை உடனே கணினிக்குத் தராமல் 16 மில்லிநொடி வரை தேக்கிவைத்துக் கொடுப்பது இயல்பான அமைப்பு. அதற்குள்ளேயே ஏழு எழுத்துகள் போய்விடுகின்றன. அடாப்டரின் அனுப்பும் பஃபரில் ஏற்கெனவே வரிசையில் நிற்கும் எழுத்துகளையும் சேர்த்தால் பத்தைத் தாண்டுவதற்கு அதிக நேரம் ஆகாது. சில நாள் ஓடுவதும் சில நாள் நிற்பதும் இதனால்தான் இருக்கும் என்று கருதுகிறேன். மற்ற மூன்று இயந்திரங்களும் வேறு கணினியோடு இணைந்திருக்கின்றனவா என்பதைத் தெரிவியுங்கள்.

ஆனால் கருதுவது வேறு, கண்ணால் காண்பது வேறு. காண வேண்டியது ஒன்றே: 3-ஆம் பின்னிலோ 2-ஆம் பின்னிலோ டிசி3 முடிந்த கணத்துக்குப் பிறகு, எதிர்க் கம்பியில் எத்தனை எழுத்துகள் போயின? இதை எண்ணுவதற்கு இரு கம்பிகளும் ஒரே கடிகாரத்தால் அளக்கப்பட வேண்டும். இரண்டு யூஎஸ்பி அடாப்டர்களை வைத்தால், ஒவ்வொன்றும் தன் போக்கில் 16 மில்லிநொடி வரை தேக்கிக் கொடுக்கும். எது முன், எது பின் என்பதே குழம்பிவிடும். நாம் தேடும் பிழை எந்த அளவினதோ அதே அளவு பிழை அளவுகோலிலேயே இருந்தால் அளப்பதில் பயன் இல்லை.

4951சி போன்ற பழைய அனலைசரின் அருமை இங்கேதான் இருக்கிறது. அது இரு திசைகளையும் ஒரே பஃபரில், வந்த வரிசையிலேயே எழுதி, இரண்டிரண்டு வரியாகத் திரையில் காட்டும். குறிப்பிட்ட எழுத்து வந்தவுடன் பதிவை நிறுத்து என்று கட்டளையும் கொடுக்கலாம். 19,200 பிட் வரையிலான தடத்துக்கு அது இன்றும் முழுத் தகுதியுள்ள கருவி. இருந்தும் உங்கள் தேவைக்கு மட்டும் என்றால் அதை வாங்கச் சொல்லமாட்டேன். உங்கள் தடம் அசிங்க்ரனஸ் தடம், அதாவது தனிக் கடிகாரக் கம்பி இல்லாமல் ஸ்டார்ட், ஸ்டாப் பிட்களால் எழுத்தைப் பிரிப்பது. எட்டுச் சேனல் கொண்ட மலிவான யூஎஸ்பி லாஜிக் அனலைசர் ஒன்றும், ஆர்எஸ்-232 மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு மேக்ஸ்3232 சில்லும் இருந்தால் போதும். அந்தச் சில்லில் வாங்கும் பகுதிகள் இரண்டு இருக்கின்றன, உங்களுக்கு வேண்டிய கம்பிகளும் இரண்டே. லாஜிக் அனலைசரின் உள்வாயில் 5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஆர்எஸ்-232 கம்பியில் நேர்மறையாகவும் எதிர்மறையாகவும் 15 வோல்ட் வரை வரலாம் என்பதால், அந்தச் சில்லு இல்லாமல் ஒருபோதும் இணைக்காதீர்கள். சிக்ராக் திட்டத்தின் பல்ஸ்வியூ மென்பொருள் இலவசமானது. அதில் சீரியல் பிட்களை எழுத்தாக மாற்றும் இரண்டு யூஏஆர்டி டீகோடர்களை வைத்து எழுத்துகளைப் படித்துக்கொள்ளலாம். நொடிக்கு இரண்டு லட்சம் மாதிரிகள் எடுத்தால் பிட்டுக்கு நாற்பது மாதிரிகள் கிடைக்கும், அது தாராளம்.

ஒரு நுணுக்கம். டீகோடரை 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்துவிட்டு டிசி3-க்குரிய 13 என்ற ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணைத் தேடினால் கிடைக்காது. 13-இல் மூன்று ஒன்றுகள் இருப்பதால், ஈவன் பாரிட்டிக்காக எட்டாவது பிட்டும் ஒன்றாகி, அது 93 என்று தெரியும். டிசி1-க்குரிய 11-இல் இரண்டே ஒன்றுகள் என்பதால் அது மாறாமல் 11 என்றே தெரியும். இதை அறியாமல் "டிசி3 வரவே இல்லை" என்று கண்ட்ரோல் போர்டைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய அனலைசருக்கு மாற்றே இல்லாத இடம் சிங்க்ரனஸ் தடங்கள். அங்கே ஸ்டார்ட் பிட்டும் இல்லை, ஸ்டாப் பிட்டும் இல்லை. 15, 17, 24 ஆகிய பின்களில் கடிகாரம் தனியாக ஓடும். எச்டிஎல்சி என்னும் சிங்க்ரனஸ் விதிமுறை என்றால் 7இ என்ற கொடியெழுத்தால் ஃபிரேம் தொடங்கி முடியும், இடையே ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து வந்தால் ஒரு பூஜ்யம் திணிக்கப்படும். கணினியின் சாதாரண சீரியல் போர்ட்டுக்கு இவை எதுவும் விளங்காது. பைசிங்க், எஸ்டிஎல்சி, எக்ஸ்.25 ஆகிய விதிமுறைகளில் இயங்கும் பழைய முனையங்களையோ கண்ட்ரோலர்களையோ உயிர்ப்பிக்க நினைப்பவர் ஓர் அனலைசரைத் தேடி வாங்குவது நல்ல முதலீடு. அங்கே நாங்கள் 511 என்று அழைக்கும் போலித் தற்செயல் பிட் வரிசையை அனுப்பி, மறுமுனையில் திரும்பி வருவதை ஒப்பிட்டுப் பிழை விகிதம் பார்க்கும் வசதியும் வேண்டும். நள்ளிரவில் மோடம் அருகே அமர்ந்து, பிழை எண்ணி ஒரு மணி நேரம் பூஜ்யத்திலேயே நின்றதைக் கண்ட பிறகுதான் தடத்தை ஒப்படைப்போம்.

மறுமொழி 3
எழுதியவர்: சீரீஸ்பல்பு

பழைய கருவிகளை வாங்கிச் சீர்செய்து வைப்பதை விருப்பமாகக் கொண்டவன் நான். இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், பிறகு ஒருநாள் 4951சி போன்ற ஒன்றை வாங்க நினைத்தால் பயன்படும் என்பதற்காக இவற்றை எழுதுகிறேன்.

"திரை வருகிறது" என்று விற்பவர் சொல்வதற்குப் பொருள், பவர் சப்ளையும் பிக்சர் டியூபும் அவர் சோதித்த அந்த ஐந்து நிமிடம் உயிரோடு இருந்தன என்பது மட்டுமே. நான் முதலில் கேட்பது, இன்டர்ஃபேஸ் பாட் இருக்கிறதா என்று. இவ்வகை அனலைசர்களில் தடத்தோடு இணைவது கருவி நேரடியாக அன்று. ஆர்எஸ்-232-க்கு ஒரு பாட், வி.35 என்னும் வேறு வகைத் தடத்துக்கு வேறொரு பாட் எனத் தனியே ஒரு சிறு பெட்டி கேபிளோடு வரும். அது இல்லாவிட்டால் கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், வேறெதுவும் செய்யாது. பாட் தனியாகத் தேடினால் சில வேளை கருவியைவிட விலை அதிகம் கேட்கிறார்கள். அடுத்து, செல்ஃப் டெஸ்ட் முடிந்த திரையின் படத்தையும், பாட்டை மாட்டிய நிலையில் ஏதேனும் ஒரு தடத்தைப் படிக்கும் படத்தையும் கேளுங்கள். இரண்டாவதை அனுப்பும் விற்பனையாளர் அரியவர், அவருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

அமெரிக்கக் கருவி என்றால் 115 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கும். பின்பக்கத்தில் மின்னழுத்தம் மாற்றும் வசதி இருக்கிறதா, அதற்குரிய ஃபியூஸ் எது என்பதை மேனுவலில் பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் செருகாதீர்கள். மேனுவலுக்குக் கவலை வேண்டாம். ஹெச்பியின் அளவைக் கருவிப் பிரிவு 1999-இல் அஜிலன்ட் ஆகவும் 2014-இல் கீசைட் ஆகவும் பிரிந்து போனாலும், பழைய ஹெச்பி கருவிகள் பலவற்றின் மேனுவல்கள் இணையத்தில் ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன.

கருவி கைக்கு வந்ததும் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கும் ஆவலை அடக்குவது மிகக் கடினம், ஆனால் அடக்கத்தான் வேண்டும். நான் வாங்கிய ஓர் அனலைசரில் அந்த ஆவலுக்கு இடம் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் திரை அழகாக எரிந்தது. பிறகு "டப்" என்று ஒரு சத்தம், பின்பக்கத் துவாரங்களிலிருந்து வெண்புகை, அறை முழுவதும் இரண்டு நாள் போகாத கசந்த நெடி. திறந்து பார்த்தால், மெயின்ஸ் உள்ளே வரும் இடத்தில் இருந்த தாள் மின்தேக்கி வெடித்திருந்தது. பளிங்குபோன்ற மஞ்சள் உறைக்குள் செய்யப்பட்ட இவ்வகை மின்தேக்கிகளை 1980-களின் கருவிகளில் நிறையப் பார்க்கலாம். உறையில் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடி, காற்றின் ஈரம் உள்ளே இறங்கி, ஒருநாள் இப்படி முடியும். விரிசல் கண்டால் யோசிக்காமல் மெயின்ஸில் வைக்கத்தக்க புதிய எக்ஸ்2 வகை மின்தேக்கியாக மாற்றிவிட்டே மின்சாரம் கொடுங்கள். இப்போதெல்லாம் முதல் முறை ஏற்றும்போது 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைக்கிறேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நலம், பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது.

பிறகு நினைவகத்தைக் காக்கும் பேட்டரி. நிக்கல் காட்மியம் பேட்டரி ஒழுகியிருந்தால் அதைச் சுற்றியுள்ள செம்புத் தடங்கள் பச்சை பூத்திருக்கும். ஒழுகியது காரம் என்பதால் சிறிது வினிகரால் துடைத்து, தண்ணீராலும் பின்னர் ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலும் கழுவ வேண்டும். போர்டின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அந்தப் பச்சை நினைவகச் சில்லுகளின் அடிவரை பரவியிருந்தால் விலகிவிடுவேன். தடத்தோடு பேசும் டிரைவர், ரிசீவர் சில்லுகள் பெரும்பாலும் 1488, 1489 வகையினவே. யாரோ எப்போதோ தவறான மின்னழுத்தத்தைக் கொடுத்து எரித்திருப்பார்கள். அவை சென்னை ரிச்சி தெருவில் இன்றும் சில பத்து ரூபாய்களுக்குக் கிடைப்பதால், அந்தப் பழுதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கரைந்துபோன ரப்பர் உருளைகளைக் கொண்ட நாடா இயக்கி உள்ள மாதிரிகளைவிட ஃபிளாப்பி உள்ள மாதிரியை விரும்புகிறேன்.

கடைசியாக, பிக்சர் டியூப் உள்ள கனமான பெட்டி கடல் கடந்து வருகிறது. கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து கருவியின் விலையைத் தாண்டிவிடலாம். இரட்டைப் பெட்டியில் கட்டித் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளாதவரிடம் நான் வாங்குவதில்லை.

கேள்வி எழுப்பியவரின் பதில்
எழுதியவர்: மில்லிங்_கோவை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சோதித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்ததால் தாமதமாகிவிட்டது.

குத்தகைத்தடம் ஐயா கேட்டது சரிதான். மற்ற மூன்று இயந்திரங்களும் சீரியல் போர்ட் உள்ள பழைய கணினியோடு இணைந்திருக்கின்றன, நான்காவது மட்டும் யூஎஸ்பி அடாப்டர் வைத்த மடிக்கணினியோடு. அவர் சொன்னபடி மேக்ஸ்3232-ஐ ஒரு சிறு போர்டில் சால்டர் செய்து, லாஜிக் அனலைசரோடு இணைத்து இரண்டு மணி நேரம் பதிவு செய்தேன். டீகோடரை வேண்டுமென்றே 8 பிட்டில் வைத்து 93-ஐத் தேடினேன். பெரும்பாலான இடங்களில் 93-க்குப் பிறகு எட்டோ ஒன்பதோ எழுத்துகள் சென்று தடம் அமைதியாகிறது. அலாரம் வந்த இடத்தில் பத்தொன்பது எழுத்துகள். ஒரு எக்ஸ் மதிப்பு, ஒரு ஒய் மதிப்பு, அடுத்த வரியின் பாதி வரை ஓடிப்போயிருந்தன. இத்தனை மாதங்களாக நான் கேபிளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடாப்டரின் தேக்க நேரத்தை 16-லிருந்து 1 மில்லிநொடியாகக் குறைத்தவுடன் எண்ணிக்கை நான்கைந்தாகக் குறைந்தது. ஆனாலும் மென்பொருள் வேறு வேலையில் இருக்கும்போது சில இடங்களில் எட்டைத் தொட்டது மனத்துக்கு நிறைவாக இல்லை. எனவே, சீரியல் கார்டு உள்ள ஒரு பழைய மேசைக் கணினிக்கு மாற்றினேன். அதிலும் முதலில் பதினாறு எழுத்துகள் வரை போயின.

மறுமொழி 4
எழுதியவர்: குத்தகைத்தடம்

மிக நல்ல வேலை. அந்தப் பதினாறு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 16550 வகை யூஏஆர்டியின் (சீரியல் போர்ட் சில்லின்) அனுப்பும் ஃபிஃபோ (வந்த வரிசையிலேயே வெளியேற்றும் பஃபர்) பதினாறு எழுத்துகள் கொள்ளும். டிசி3 வந்ததை விண்டோஸ் அறிந்தாலும், ஃபிஃபோவுக்குள் இறங்கிவிட்ட எழுத்துகள் போயே தீரும். டிவைஸ் மேனேஜரில் அந்த காம் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புக்குப் போய், அனுப்பும் பஃபரின் நகர்வுக் கோலை மிகக் குறைந்த இடத்துக்குத் தள்ளுங்கள். 4800 பாட் வேகத்துக்கு ஃபிஃபோவே தேவையில்லை.

கேள்வி எழுப்பியவரின் பதில்
எழுதியவர்: மில்லிங்_கோவை

செய்துவிட்டேன் ஐயா. இப்போது 93-க்குப் பிறகு ஒன்று அல்லது இரண்டு எழுத்துகள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நேற்று ஐந்து மணி நேர மோல்டு ஜாப் ஒன்று இடையில் நிற்காமல் முடிந்தது. காலையில் வந்து பார்த்தபோது பரப்பில் ஒரு கோடுகூட விழுந்திருக்கவில்லை.

4951சி-யை விட்டுவிட்டேன். விற்பவரிடம் பாட் பற்றிக் கேட்டதற்கு, அப்படி ஒன்று இருப்பதே தமக்குத் தெரியாது என்று பதில் வந்தது. பிரேக்அவுட் பாக்ஸை மட்டும் வாங்கினேன். பேட்டரி இடம் உள்ள வகைதான். மூன்று சுவிட்சுகள் மாற்ற வேண்டியிருந்தது. கேபிள்மேசை நண்பர் சொன்னபடி இயந்திரத்தின் 25-ஆம் பின்னை மீட்டரில் அளந்தேன், 24.1 வோல்ட் காட்டியது. டேப் ஒட்டிவிட்டேன்.